களைவிதையை உண்ணும் பூச்சிகளும் கலப்பையும்

உழவன் விதையாமலே அவன் நிலத்தில் விளைவது ஒன்று உண்டு. அதற்குக் களை என்று பெயர். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் விதை வேண்டுமென்று நாம் குதிரிலும் கோட்டையிலும் சேமித்து வைக்கின்றோம். களையோ தன் விதையைத் தானே நிலத்தில் சேமித்துக்கொள்கின்றது. சென்ற ஆண்டு பறித்த களை இவ்வாண்டும் முளைக்கின்றது. இவ்வாண்டு பறிப்பது அடுத்த ஆண்டும் முளைக்கும். இதனைக் குறைப்பார் எவருமிலரோ என்று வினவுவோர்க்கு விடையாக, வயலில் கூலியின்றிக் களைவிதையைத் தேடித் தின்னும் சிற்றுயிர்களைப் பற்றி ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றோம். அவை செய்யும் வேலை கலப்பையின் வேலையோடு எவ்விடத்துப் பொருந்துகின்றது, எவ்விடத்து முரணுகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஏரும் வலையும்

இப்பொருளை ஆராய ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுதல் நலம். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியின் மேற்குப் பக்கத்தே சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் உள்ளது. ஏரிப்படுகையில் கிடக்கும் சிப்பிகளை எடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்குதல் இப்பக்கத்துப் பழைய தொழில். ஊரின் பெயரும் அதனை நினைப்பூட்டுகின்றது. ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடேயாம். அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து இவ்வேரியிற் சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உட்புகுகின்றது. இவ்விரண்டும் கலக்கும் இடத்திலே இறாலும் மடவையும் நண்டும் வளர்கின்றன. அவற்றை நம்பிக் கரையோரத்து மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன.

இவ்வேரிக்கரை ஊர்களின் பக்கத்திலேயே கழனிகளும் உள்ளன. இம்மாவட்டத்து உழவர் நெற்பயிர்ப் பருவங்களைச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்றாக வழங்குவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் கழனியில் மிகுந்த நீர் வாய்க்கால் வழியே வடிந்து தாழ்ந்த இடத்தை நாடுகின்றது. இப்பக்கத்தில் எல்லாவற்றினும் தாழ்ந்த இடம் ஏரியே. ஆதலின் கழனியில் இட்ட பொருளிற் கரையத்தக்கது ஏரியைச் சேர்வதற்கு வழியுண்டு.

களைக்கு மருந்து தெளித்தல் இன்று எங்கும் பரவியிருக்கும் வழக்கம். களைகொல்லி மருந்துகளில் முதன்மையானதொன்று இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1945ஆம் ஆண்டையொட்டி விற்பனைக்கு வந்தது. பிற்பாடு நெல்வயலுக்கென்றே பல மருந்துகள் தோன்றின. அவற்றுள் பூட்டாக்ளோர் என்பது நம் நாட்டு நெல்வயல்களிற் பெரிதும் இடப்பட்டது. அது மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு விளைப்பது. மருந்தை விடுத்துக் கையாற் பறிக்கலாமெனின், குனிந்த முதுகு நிமிராது நாளெல்லாம் களைபறிப்போர் பெரும்பாலும் பெண்களே. அக்கூலியைக் கொடுக்கச் சிறு உழவனால் இயலுவதில்லை. ஆகவே களைவிதையைத் தின்னும் பூச்சி எத்துணைச் சிறிதாயினும், அது குறைத்துத் தரும் பங்கு உழவனுக்கும், களைபறிக்கும் பெண்ணுக்கும், வலை வீசுவோனுக்கும் ஒருங்கே பயன்படுவதாம்.

மண்ணில் மறைந்த சேமிப்பு

களையின் வலிமை அதன் விதையின் எண்ணிக்கையிலும் பொறுமையிலும் உள்ளது. நன்கு வளர்ந்த குப்பைக்கீரைச் செடியொன்று பல்லாயிரம் நுண்விதைகளை உதிர்க்கும். நெல்லோடு நெல்லாய் வளரும் குதிரைவாலி இனத்துப் புல், நெல் அறுவடையாவதற்கு முன்னரே தன் மணிகளை உதிர்த்துவிடும். அறுவடை செய்வோன் கையில் அகப்படுவது வெறுங்கதிரே. விதை முன்னமே நிலத்தைச் சேர்ந்துவிட்டது.

உதிர்ந்த விதையெல்லாம் அடுத்த மழையில் முளைப்பதில்லை. சில உறங்கும், சில அழுகும், சில முதுமையடைந்து மாளும். மண்ணுள் ஆழப் புதைந்தவற்றுட் பல நெடுங்காலம் உயிரோடிருக்கும். எத்துணைக் காலம் என்பதை அறிய, அமெரிக்காவில் மிச்சிகன் வேளாண்மைக் கல்லூரியில் தாவரநூல் ஆசிரியராயிருந்த வில்லியம் பீல் என்பார் 1879ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். களைகள் பலவற்றின் விதைகளை ஈரமணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டு நிலத்திற் புதைத்தார். குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாய் எடுத்து முளைக்கவிட வேண்டுமென்பது ஏற்பாடு. பீல் இறந்த பின்னும் அவர்வழி வந்தோர் அதனைக் கைவிடவில்லை. 2021ஆம் ஆண்டில் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. நூற்றுநாற்பது ஆண்டிற்கு மேலாகப் புதைந்திருந்த விதை ஒளியும் ஈரமும் கண்டவுடன் தளிர்த்தது என்றால், மண் களைவிதைக்கு எத்துணைப் பாதுகாப்பான குதிர் என்பதை நாம் உணரலாம்.

ஆனால் அக்குதிருக்குள் நுழையுமுன் விதை நிலத்தின்மேற் சில நாளாவது கிடந்தாக வேண்டும். அந்நாட்களே அதற்கு ஆபத்தான நாட்கள். ஏனெனில் அதனைத் தேடி வருவோர் பலர்.

விதையுண்ணும் சிற்றுயிர்கள்

இவருள் நம் நாட்டில் முதலில் வைத்து எண்ணத்தக்கவை எறும்புகள். எறும்பு தானியத்தைச் சேமிக்கும் என்பது தொன்றுதொட்டு மக்கள் கண்டறிந்த செய்தி. ஆயினும் குளிர்நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பிய இயற்கைநூலார் பலர், தம் ஊர் எறும்புகள் அங்ஙனம் செய்யாமை கண்டு, பண்டையோர் கூற்று பொய்யென்றே எழுதினர். அவ்வையத்தை அகற்றிய சான்றுகளிற் சில இந்தியாவிலிருந்தே சென்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பூனாவில் இருந்த கர்னல் சைக்ஸ் என்பார், மழைக்குப் பின் எறும்புகள் தம் புற்றிலிருந்த புல்விதைகளை வெளியே கொணர்ந்து குவித்து உலர்த்துவதைக் கண்டு எழுதினார். சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன், 1851ஆம் ஆண்டில் தென்னிந்திய எறும்புகளைப் பற்றி ஓர் அட்டவணை வெளியிட்டார். பின்னர் 1873இல் மாக்ரிட்ஜ் என்பார் தென் பிரான்சிலே எறும்புப் புற்றுகளை அகழ்ந்து, உள்ளே விதைக்களஞ்சியம் இருப்பதைக் கண்டு நூல் எழுதியபின் ஐயம் நீங்கிற்று.

எறும்பு எல்லாம் விதை தின்பதன்று. பெரிய கறுத்த கட்டெறும்பு இனிப்பையும் இறந்த உயிர்களையும் நாடும். பெருந்தலை எறும்பு எனத்தக்க ஓரினம், புல்விதையைச் சிறு வரிசையாய் இழுத்துச் சென்று, பெரிய தலையும் வலிய தாடையும் உடைய எறும்புகளைக்கொண்டு உடைக்கும். நெருப்பெறும்பு எனப்படும் செவ்வெறும்பு விதையும் தின்னும், பூச்சியும் தின்னும். புற்றின் வாயைச் சுற்றி உமி வட்டமாய்க் குவிந்திருக்கக் கண்டால், உள்ளே தானியம் அரைபடுகின்றது என்று அறியலாம்.

அடுத்தது சிள்வண்டு. இதனைச் சுவர்க்கோழி என்றும் வழங்குவர். பகலில் மண்வெடிப்பிலும் வைக்கோலின் அடியிலும் மறைந்திருந்து, இரவில் வெளிப்பட்டுத் தளிரும் விதையும் தின்னும். மூன்றாவது தரைவண்டு, பளபளக்கும் கறுப்பு மேனியும் விரைந்த ஓட்டமும் உடையது. இவ்வினத்துட் சில புழுவைத் தின்பன. சில விதையைத் தின்பன. சில இரண்டையும் தின்பன. குளிர்நாட்டு வயல்களில் களைவிதையுண்பவற்றுள் தலைமை பெற்றது இதுவே. இவையன்றி எலியும், புறாவும், சிட்டுக்குருவியும், தினைக்குருவியும் தத்தம் பங்கைக் கொள்கின்றன. எலிவளையைத் தோண்டி அதனுள் எலி சேமித்த நெல்லை எடுக்கும் இருளர் மக்கள், உயிர்கள் வயலிலிருந்து எவ்வளவு மணியைக் கொண்டுசெல்லும் என்பதை நம்மினும் நன்கு அறிவர்.

நம் நாட்டுப் பூச்சிநூல்களைப் புரட்டினால், பிளெச்சர் 1914இல் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும், இராமகிருஷ்ண ஐயர் 1940இல் எழுதிய கைந்நூலும் நம் முன் நிற்கின்றன. பயிருக்குக் கேடு செய்யும் பூச்சியை உழவர் அறிந்து காத்துக்கொள்ளச் செய்வதே அக்காலத்து முதற்கடமையாயிருந்தது. களைக்குக் கேடு செய்யும் பூச்சியைத் தனித்து ஆராய்தல் பெரும்பாலும் பிற்காலத்தில் எழுந்த முயற்சியாகும்.

கலப்பைகள் பலவிதம்

இனி உழவுக்கு வருவோம். உழவு என்று ஒரு சொல்லாற் கூறினும் அதன் வகை பல. விதைக்கு ஒவ்வொன்றும் செய்வது வேறு.

நாட்டுக்கலப்பை மண்ணைக் கீறிச் செல்லுமேயன்றிப் புரட்டுவதில்லை. அதனால் மேற்கிடந்த விதையில் ஒரு பகுதி சிறிது ஆழத்திற் கலக்கும்; ஒரு பகுதி மேலேயே தங்கும். வளைபலகை பூண்ட இரும்புக்கலப்பை மண்ணைக் கட்டியாய்ப் பெயர்த்துத் தலைகீழாகக் கவிழ்க்கும். மேலிருந்த விதை ஒரு சாண் ஆழத்திற்குச் செல்லும். முன்னாளிற் புதைந்த விதை மேலே வரும். டிராக்டர் இழுக்கும் கொக்கிக்கலப்பை நாட்டுக்கலப்பையைப் போல் கீறுவது. சுழற்கலப்பை மேல்மண்ணைத் தூளாக்கி விதையை அதனோடு சீராய்க் கலந்துவிடும். சேற்றுழவில் நீரைத் தேக்கி மண்ணைக் குழம்பாக்குகின்றோம். விதை சேற்றோடு ஒன்றாய் அமிழ்கின்றது.

உழாது விதைக்கும் முறையும் நமக்குப் புதிதன்று. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளைக்கு முன்னர், நிற்கும் பயிரின் ஊடே ஈரமண்ணில் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவர். நெல்லை அறுத்தபின் தாளடியில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டே அவை வளர்கின்றன. ஏர் அந்நிலத்தில் கால்வைப்பதில்லை.

அகல உழுவதினும் ஆழ உழு என்பது நம்மவர் பழமொழி. நீர் இறங்குவதற்கும் வேர் ஓடுவதற்கும் அது தக்க அறிவுரையே. ஆனால் பூச்சியின் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொன்று தோன்றும். விதை மண்ணின்மேற் கிடக்கும்வரை எறும்பும் தரைவண்டும் அதனை எளிதிற் காணும். ஒரு விரற்கடை மண் மூடியவுடன் காண்பது அரிதாகும். ஆழப் புதைந்தபின் அவற்றால் எட்டவே இயலாது. ஆகவே விதை உதிர்ந்த மறுநாளே உழுகின்றவன், களையை அழிப்பதாக எண்ணிக்கொண்டு, களைவிதையை அதன் பகைவரிடமிருந்து காத்துக் குதிரில் இட்டு மூடுகின்றான். அன்றியும், ஆழ உழுதல் எறும்புப் புற்றின் மேலறைகளைச் சிதைக்கும்; தரைவண்டின் முட்டையையும் புழுவையும் வெயிலிற் போடும்; சிள்வண்டு ஒதுங்கும் தாளையும் சருகையும் நீக்கிவிடும். உணவையும் மறைத்து, உண்பவனையும் விரட்டுதல் ஆயிற்று.

வெளிநாட்டார் கண்டவை

இது வெறும் ஊகமன்று. ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே லெய்தா என்னும் பகுதியில் கோதுமை, வாற்கோதுமை வயல்களில் நடத்திய ஆராய்ச்சி 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே மானாவாரி நிலத்தில் விதை சேமிக்கும் எறும்புகளே களைவிதையைப் பெரிதும் கொண்டுசென்றன. உழாத நிலத்தில் அவ்வேலை மிகுந்தும், உழுத நிலத்திற் குறைந்தும் இருந்தது. நீர் பாய்ச்சும் வயல்களிலோ அவ்வெறும்புகள் இல்லை. அங்கே எலியினமே விதையைத் தின்றது. நம்மவர்க்கு இப்பின்னைய செய்தி முன்னையதினும் பெரிது. ஏனெனில் நம் நெல்வயல் நீர் நிற்கும் வயலாகும்.

ஆயின் நெல்வயலில் பூச்சிக்கு வேலையே இல்லையோ எனின், உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸ் நகரில் 1960இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார், நெல்வயலில் உதிர்ந்த புல்விதைகள் என்னாகின்றன என்று ஆராய்ந்து 2010இல் எழுதினர். அங்கே விதையைக் கொண்டுசென்றவற்றுள் முதன்மையானது நெருப்பெறும்பே. அதே இனத்து எறும்பு நம் தென்னாட்டிலும் பெருகியிருக்கின்றது. பிரித்தானியாவில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வயல்களில் எடுத்த கணக்கை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டவர்கள், தரைவண்டு மிகுந்த வயல்களில் மண்ணிலுள்ள களைவிதைச் சேமிப்பு குறைவதைக் கண்டனர்.

எல்லா இடத்தும் ஒரே விடை கிடைத்ததென்று நாம் சொல்லவில்லை. தரைவண்டுகளிற் சிலவற்றுக்கு உழவு தீங்காகின்றது. சிலவற்றுக்கு அவ்வளவு ஆகவில்லை. உழுத காலம், மண்ணின் தன்மை, பக்கத்து வரப்பின் நிலை என்பனவெல்லாம் முடிவை மாற்றுகின்றன. ஆனால் மேற்கிடக்கும் விதை உண்ணப்படும், புதைந்த விதை தப்பும் என்னும் அடிப்படை எங்கும் ஒன்றே.

நம் கழனிக்குப் பொருத்திப் பார்த்தல்

இனிச் சுண்ணாம்புக்குளம் போன்ற ஏரிக்கரை ஊரின் சம்பாக் கழனியை எண்ணுக. கார்த்திகை, மார்கழியில் நீர் நிற்கின்றது. எறும்பு வயலுள் வாழ இயலாது. அப்போது அதற்குப் புகலிடம் வரப்பே. தை மாதத்தில் நீர் வடிந்து கதிர் முற்றுகின்றது. புல்விதையோ முன்னரே உதிர்ந்துவிட்டது. அறுவடை முடிந்து தரை உலர உலர, வரப்பிலிருந்த எறும்பு வயலுக்குள் இறங்குகின்றது. மண் வெடிப்பில் சிள்வண்டு குடியேறுகின்றது. இந்நாள் முதல் அடுத்த உழவு வரையுள்ள இடைவெளியே பூச்சியின் அறுவடைக் காலம்.

இவ்விடைவெளி எத்துணை மதிப்புடையது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஓரிடத்தில் 1000 விதை மேலே கிடப்பதாகவும், நாள்தோறும் எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கைப் பூச்சிகள் கொண்டுசெல்வதாகவும் வைத்துக்கொள்வோம். இது கணக்கிற்காகக் கொண்ட அளவேயன்றி அளந்து கண்டதன்று. ஏழாம் நாள் முடிவில் 478 விதை மிஞ்சும்; பதினான்காம் நாள் 229; முப்பதாம் நாள் 42. அறுவடையான மறுநாள் உழுபவன் 900க்கும் மேற்பட்ட விதையை மண்ணில் மூடுகின்றான்; ஒரு மாதம் பொறுத்தவன் ஐம்பதினும் குறைந்ததையே மூடுகின்றான். செலவு இருவர்க்கும் ஒன்றே. பொறுத்ததொன்றே வேறுபாடு.

ஆயின் கோடை உழவை விட்டுவிடலாமோ எனின், அங்ஙனம் கூறுதல் தகாது. கோடை உழவு மழைநீரை மண்ணுள் இறக்குகின்றது. பயிர்ப்புழுக்களின் கூட்டை வெளிப்படுத்திக் காக்கைக்கும் கொக்குக்கும் இரையாக்குகின்றது. கோரைக்கிழங்கை வெயிலிற் காயவைக்கின்றது. திருக்குறளின் உழவு அதிகாரமும் உழுத மண்ணை நன்கு உலர்த்துதலின் பயனைப் பேசுகின்றது. ஆகவே நாம் வேண்டுவது உழவை நீக்குதலன்று, அதனைச் சில வாரம் தள்ளிவைத்தலே. நவரைப் பயிரும் இடுபவருக்கு அவ்விடைவெளி கிட்டாது. ஒருபோகம் விளையும் நிலத்தார்க்கோ மாசி, பங்குனி முழுவதும் உள்ளது. சித்திரை மழை கண்டு உழுதாற் போதும்.

மேனாடுகளில் உழாத வேளாண்மை என்று புகழப்படும் முறையையும் நாம் ஆராயாது மேற்கொள்ளலாகாது. ஆங்கே பலர் ஏரை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் களைகொல்லி மருந்தை வைத்துக்கொண்டனர். ஏரிக்கரை ஊரில் அங்ஙனம் செய்வது, பூச்சிக்கு வாழ்வளிப்பதாகச் சொல்லி மீனுக்குத் தீங்கு செய்வதாய் முடியும்.

எறும்பின் மறுபக்கம்

பூச்சியை முற்றும் நண்பனென்று கொண்டாடுவதும் அறிவுடைமை ஆகாது. எள், கேழ்வரகு, கத்தரி, தக்காளி முதலிய நுண்விதைகளை நாற்றங்காலில் தூவினால் எறும்பு அவற்றையும் இழுத்துச் செல்லும். களைவிதை எது, பயிர்விதை எது என்று அது வேறுபாடு அறியாது. ஆதலின் விதைத்தவுடன் மெல்லிய மண்ணால் மூடுதல் வேண்டும். மூடிய விதை தப்பும் என்னும் அதே விதி இங்கே நமக்கு உதவுகின்றது.

சில களைகள் எறும்பையே தமக்கு ஊழியனாக்கிக் கொண்டன. இருப்புப்பாதை ஓரங்களிலும் தரிசிலும் மண்டும் ரயில்பூண்டின் விதையில் கொழுப்பு நிறைந்த ஒரு சிறு தசை ஒட்டியிருக்கும். எறும்பு விதையைத் தூக்கிச் சென்று அத்தசையை மட்டும் தின்று, விதையைப் புற்றின் வெளியே குப்பையில் எறிந்துவிடும். அங்கே அது நன்றாய் முளைக்கும். பெங்களூரில் கணேசையா, உமா சங்கர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இவ்வுறவை ஆராய்ந்து 1988இல் எழுதினர். ஆகவே எறும்பு தூக்கிய விதையெல்லாம் அழிந்த விதையன்று.

நெருப்பெறும்பு தென்னமெரிக்கா முதலிய வெப்பநாட்டுப் பகுதியிலிருந்து பரவி வந்த அயல் உயிர். வயலில் வேலை செய்வோரைக் கொட்டித் துன்புறுத்துவது. மாவுப்பூச்சியைப் பேணி வளர்ப்பதும் அதன் வழக்கம். கோரையும் அருகும் கிழங்காலும் தண்டாலும் பரவுவனவாதலின், அவற்றை விதையுண்ணும் பூச்சியால் ஒழிக்க இயலாது. பூச்சி பத்தில் ஒன்பது விதையைத் தின்றாலும், எஞ்சிய ஒன்று தடையின்றி வளர்ந்தால் மீண்டும் ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிடும்.

இவற்றையெல்லாம் எண்ணியே லீப்மன், காலண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1997இல் ஓர் உவமை கூறினர். களையை ஒரே பெருஞ்சுத்தியலால் அடித்து நொறுக்க முயலாது, பல சிறு சுத்தியல்களால் அடிக்க வேண்டுமென்பதே அது. பயிர்மாற்றம் ஒரு சுத்தியல்; நெருங்க நடுதல் ஒன்று; விதைக்குமுன் கைக்களை எடுத்தல் ஒன்று; தக்க காலத்து உழவு ஒன்று; விதையுண்ணும் பூச்சியும் ஒன்று. தனித்து நின்றால் எதுவும் போதாது. சேர்ந்து அடித்தால் களை தாழும்.

மாணவர் செய்யத்தக்க சோதனை

நம் கல்லூரி மாணவர்களுட் பலர் உழவர் குடியிலும் மீனவர் குடியிலும் பிறந்தவர்கள். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இவ்வுண்மையைத் தம் கண்ணாலேயே காணலாம். செலவு சில ரூபாயே.

உள்ளங்கை அகலமுள்ள மணற்காகிதத் துண்டுகளை வெட்டிக்கொள்க. ஒவ்வொன்றிலும் மெல்லிய பசையால் 25 புல்விதையை ஒட்டி, பசை உலருமுன் நுண்மணலைத் தூவுக. இன்றேல் எறும்பின் கால் பசையில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வகையாக இவற்றை வைக்க வேண்டும். முதல்வகை திறந்தபடி கிடக்கும். எல்லா உயிரும் அணுகலாம். இரண்டாம் வகையின்மேல் எறும்பும் வண்டும் நுழையத்தக்க கண்ணுள்ள கம்பிக்கூட்டைக் கவிழ்க்க. எலியும் பறவையும் அணுகா. மூன்றாம் வகையை நுண்ணிய வலையால் முற்றும் மூடுக. இது காற்றாலும் பனியாலும் தானே உதிர்வது எவ்வளவு என்பதைக் காட்டும். வரப்பில் ஒரு தொகுதி, உழாத தாளடியில் ஒரு தொகுதி, உழுத நிலத்தில் ஒரு தொகுதி என வைத்து, இரண்டு நாட் கழித்து எஞ்சிய விதையை எண்ணுக.

கணக்கிடும் முறை எளிது. முற்றும் மூடிய துண்டில் 24 விதையும் திறந்த துண்டில் 9 விதையும் மிஞ்சின என்று கொள்வோம். 24இலிருந்து 9ஐக் கழித்தால் 15. அதனை 24ஆல் வகுத்து நூற்றால் பெருக்க 62.5 வரும். நூற்றுக்கு அறுபத்திரண்டரை விதை உண்ணப்பட்டது என்பது பொருள். கம்பிக்கூட்டின் கீழ்க் கிடைத்த எண்ணையும் இவ்வாறே கணக்கிட்டால், அதில் பூச்சியின் பங்கு எவ்வளவு, எலி, பறவைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியலாம். ஒரு துண்டைக்கொண்டு முடிவு கூறலாகாது. ஒவ்வோரிடத்தும் பத்துத் துண்டாவது வைத்துச் சராசரி காண வேண்டும். பகலில் ஒருமுறையும் இரவில் விளக்கோடு ஒருமுறையும் சென்று, எவ்வுயிர் வந்து உண்கின்றது என்று பார்த்துக் குறித்துக்கொள்க. காட்சியில்லாத எண்ணிக்கை பாதி அறிவே.

உழவர்க்குச் சொல்லத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றால் உழவர்க்கு நாம் எடுத்துரைக்கத்தக்கவை சிலவே. அறுவடைக்கும் முதல் உழவுக்கும் இடையே, நீர்வசதியும் பருவமும் இடங்கொடுக்கும் அளவிற்கு நிலத்தை உழாது விடுக. தாளை எரியாது விடுக. அதன் நிழலிலேதான் சிள்வண்டும் தரைவண்டும் ஒதுங்குகின்றன. வரப்பிலுள்ள புல்லை விதை பிடிக்குமுன் அறுத்து மாட்டிற்கு இடுக. ஆயின் வரப்பை அடியோடு வெட்டிப் புற்றுகளைக் குலைக்க வேண்டா. எலிவளை பெருகுமிடத்து அதனை வேறாகக் கவனிக்க. எறும்புப் பொடியை நாற்றங்காலின் ஓரத்தோடு நிறுத்திக்கொள்க; கழனி முழுதும் தூவுதல் தன் வேலையாளைத் தானே கொல்வதாகும். முதல் உழவை ஆழமின்றி உழுது, முளைத்த களையை அடுத்த உழவில் மடக்குக. மருந்து தெளித்தே தீரவேண்டுமெனின் பெருமழை எதிர்நோக்கும் நாளில் தெளியாது, வயல்நீரைச் சில நாள் வடியவிடாது தடுத்து வைக்க.

இவற்றாற் களை முற்றும் ஒழியுமென்று நாம் உறுதி கூறவில்லை. களைபறிக்கும் நாட்களிற் சில குறையலாம். தெளிக்கும் மருந்தில் ஒரு பங்கு குறையலாம். அக்குறைவு கழனியிலே சிறிதாய்த் தோன்றினும், வடிநீர் சென்று சேரும் ஏரியிலே இறாற்குஞ்சுக்கும் மடவைக்கும் அது சிறிதன்று. வயலும் ஏரியும் ஒரே நீரைப் பருகுகின்றன. கரையில் ஏர் பிடிப்போனும் ஏரியில் வலை வீசுவோனும் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டவர் என்பதை இவ்வாராய்ச்சி நமக்கு அறிவுறுத்துகின்றது. மாணவ நண்பர்கள் தத்தம் ஊர் வயலில் இச்சோதனையைச் செய்து, கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதி, ஊர்ப்பெரியவர்களாகிய உழவரோடும் மீனவரோடும் கலந்து பேசுவார்களாக.